காத்திருப்பில் முதல் பெயர்

போன வாரம் நித்யா போன் செய்தாள். பள்ளி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். "மேடம், இந்த வருஷத்துலேர்ந்து அட்மிஷன் எல்லாம் ஆப்ல வந்துடுச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்க ஆபீஸ் பக்கமே வர வேணாம். போனைத் தொறந்தா மஞ்சள்ல 'காத்திருப்பில்'னு காட்டும். இடம் இல்லைன்னா சிவப்பு. நமக்கு வேலையே இல்ல!" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பேச்சோடு பேச்சாக, "நீங்க இருந்தப்ப எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன், நாங்க எல்லாரும் படிப்போம்" என்று வேறு கேட்டுவிட்டாள். கேட்டது அவள் தப்பு. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடுகளை ஒட்டி இருந்த தனியார் மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன், கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். எனக்கு யாரும் பயிற்சி என்று ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் நாள் ஒரு கட்டு விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். வெளியே நூறு கை. அவ்வளவுதான் பயிற்சி.

சேர்க்கை மாதங்களில் எங்கள் ஜன்னலுக்கு வராத ஆள் கிடையாது. அம்பத்தூர், திருமுல்லைவாயில், காட்டுப்பாக்கம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். கவுன்சிலர் சிபாரிசுக் கடிதம் கொண்டு வருபவர், ஜாதகக் கட்டத்தைப் பார்த்து நல்ல நேரத்தில்தான் விண்ணப்பம் தருவேன் என்று நிற்பவர், பெரியவர்களைப் பார்த்தால் மனசு இளகும் என்று வயதான மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருபவர். நான் யாருக்கும் இளகியதில்லை. "பின்னாடி போய் வரிசையில நில்லுங்க சார்" என்று நான் கத்துவது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். கேட்டால் கேட்கட்டும்.

பிரின்சிபால் தேவராஜ் சார் எனக்கு நேர் எதிர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை, பேசும்போது பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. இடம் இல்லை என்பதை பியூனை விட்டுச் சொல்லக் கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டக் கூடாது. போனிலும் கூடாது. ஆளை வரவழைத்து, உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவரே எழுந்து நின்றுதான் சொல்வார். அதுவும் முதல் வாக்கியத்திலேயே. "இடம் இல்லைம்மா." அதற்குப் பிறகுதான் காரணம், வருத்தம், வேறு எந்தப் பள்ளியில் முயற்சி செய்யலாம் என்கிற யோசனை எல்லாம்.

இதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த விதம் மறக்காது. ஒருமுறை அவர் ஊரில் இல்லாத நாளில், எல்.கே.ஜி. இடம் கிடைக்காத ஒரு அம்மாவிடம் நானே பேச வேண்டி வந்தது. கத்துகிற எனக்கு அன்றைக்கு என்னவோ நாக்கு எழவில்லை. நிறையப் பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், உங்கள் குழந்தை நல்ல சூட்டிகை, மேனேஜ்மெண்டில் என்ன முடிவெடுப்பார்களோ என்று சுற்றிச் சுற்றிப் பேசி அனுப்பினேன். மறுநாள் அந்த அம்மா சீருடைத் துணி எங்கே வாங்குவது என்று கேட்டு வந்து நின்றார். சார் என்னை உள்ளே கூப்பிட்டார். "ருக்மணி, உங்களுக்குச் சங்கடமா இருக்கேன்னு அவங்களுக்கு ஒரு நாள் நம்பிக்கை குடுத்துட்டீங்க. இப்ப அதை நான் போய்ப் பிடுங்கணும்" என்றார். போய் எழுந்து நின்று சொன்னார். அதற்குப் பிறகு நான் சுற்றிப் பேசவில்லை.

கட்டணச் சலுகை விஷயத்திலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பள்ளியை ஆரம்பித்தவர் பெயரில் ஒரு நிதி இருந்தது. அதிலிருந்து வருஷா வருஷம் பதினொன்றாம் வகுப்பில் வெளியிலிருந்து சேரும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷத்துக்கும் கட்டணமே கிடையாது. அதற்கு விண்ணப்பிப்பவர்களிடம் ஜன்னலில் வைத்து ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் வருமானத்தைக் கேட்பார். "அவங்கப்பா எவ்வளவு சம்பாதிக்கறார்னு அந்தப் பொண்ணு எங்க வாயால தெரிஞ்சுக்க வேணாம்" என்பார்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை இப்படித்தான் நடக்கும். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் இடம். மிஞ்சுவது வெளியாட்களுக்கு, மதிப்பெண் வரிசைப்படி. அதிலும் இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்போர் பட்டியலில். அந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமென்றால் பெற்றோர் ஒரு விருப்பக் கடிதம் தர வேண்டும். வாசகம் நிர்வாகம் எழுதியது: இடம் கிடைத்தால் உடனே சேர்ப்போம், வேறு பள்ளியில் சேர்க்க மாட்டோம் என உறுதி கூறுகிறோம். கீழே கையெழுத்து.

இந்தக் கடிதத்தை யார் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்? ஒரே அப்பா எங்களுக்கு ஒன்று, அண்ணா நகரில் ஒன்று, ஆவடியில் ஒன்று என்று கொடுப்பார். வேறு பள்ளிக்குக் கொடுத்ததை எங்களிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, "சாரி மேடம், அது வேற ஸ்கூலுக்கு" என்று சிரித்தவரும் உண்டு. நாங்களும் சிரித்து வைப்போம். எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு அது. எல்லாருக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு வருஷம் சேர்க்கையின்போது செல்வி வந்தாள். திருமுல்லைவாயிலில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் அப்பா அம்மா வயல் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறாள். வீட்டுக்காரர் பூந்தமல்லிப் பக்கம் கட்டட வேலை. மகள் தீபிகா, ஆவடிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கில வழியில் பத்தாவது முடித்தவள். நல்ல மதிப்பெண். பயாலஜி குரூப் வேண்டும், நர்சிங் படிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஒரே பிடி. அவள் பள்ளியிலேயே பயாலஜியில் இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே லேப் பேருக்குத்தான். இங்கே வந்தால் லேப், டெஸ்ட், கோச்சிங், அதோடு நிதியில் கட்டணமும் இல்லை. நிதிக்குத் தகுதியான ஒரே விண்ணப்பம் அவளுடையதுதான். ஆனால் நிதி கட்டணத்துக்குத்தான், இடம் மதிப்பெண் வரிசையில்தான். காத்திருப்போர் பட்டியலில் தீபிகா முதல் பெயர்.

கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது செல்வி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பின்னால் வரிசை நீள்கிறது. "சீக்கிரம் போடும்மா, சொத்தையா எழுதி வாங்கப் போறாங்க" என்று நான் அதட்டினேன். "படிக்காம எப்டி மேடம் கையெத்து போடறது?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது தடவையும் படித்துவிட்டுத்தான் போட்டாள்.

கடைசியில் ஒரே ஓர் இடம் பாக்கி நின்றது. அதற்கான சேர்க்கைக் கடிதம் முகப்பேரில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்து பிளாட்டில் இருந்த ஒருவரின் மகளுக்குப் போயிருந்தது. அவர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். புதன்கிழமை மூன்று மணிக்குள் கட்டணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் தீபிகாவுக்கு. அவர் போனை எடுக்கவில்லை. வேறு எங்கோ சேர்த்துவிட்டார் என்றே அலுவலகத்தில் எல்லாரும் பேசிக்கொண்டோம். புதன்கிழமை காலையிலேயே செல்வி மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னும் ஒண்ணும் உறுதியில்லைம்மா, மூணு மணி ஆகட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். "சரி மேடம்" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது அந்த முகப்பேர்க்காரர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "ஆன் டைம்தானே மேடம்?" என்று கேட்டுக்கொண்டே கார்டை நீட்டினார். நேரத்துக்குள் வந்தவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. ரசீது போட்டேன். பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சார் செல்வியை உள்ளே கூப்பிட்டார். நானும் போனேன். தண்ணீர் கொடுத்தார். எழுந்து நின்றார். "இடம் இல்லைம்மா" என்றார்.

செல்வி அழவில்லை, சண்டை போடவில்லை. பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நான் டிசி வாங்கினு வந்துட்டேனே சார்" என்றாள்.

"யாரும்மா உன்னை வாங்கச் சொன்னது? சீட்டு கைக்கு வராம எவளாவது டிசி வாங்குவாளா? அங்க இருந்த இடமும் போச்சே!" என்று கத்திவிட்டேன்.

"நீங்கதான் மேடம் எய்தி வாங்கினீங்க, வேற ஸ்கூல்ல சேக்க மாட்டோம்னு. கையெத்து போட்டுக் குட்த்துட்டு அங்கியும் பேரை வெச்சிகினு இருந்தா அது ஏமாத்தறது இல்லியா? மொத பேரு உன்துதான்னு வேற சொன்னீங்க. அதான் போயி வாங்கினேன்."

எத்தனையோ வருஷமாக அந்தக் கடிதத்தை வாங்கி வாங்கி அடுக்கியிருக்கிறேன். அதில் எழுதியிருப்பதை ஒருத்தி அப்படியே செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். இடம் இல்லை என்று சொன்ன பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேனா மூடி கழன்றபடியே கிடந்தது. "தப்பு உங்க மேல இல்லைம்மா. நாங்க எழுதின வாசகம் அது" என்றார். பிறகு கார் சாவியை எடுத்தார்.

நாங்கள் நாலு பேரும் தீபிகாவின் பழைய பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் அந்தப் பெண் கார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே தலைமையாசிரியை ஒரு வயதான அம்மா. சார் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நேத்தே அடுத்த பிள்ளையைச் சேர்த்துட்டேனே சார். இப்ப அந்தப் பிள்ளையை எழுப்பிட்டு இவளை உட்கார வைக்கறதா? காமர்ஸ்னா இடம் இருக்கு" என்றார். காமர்ஸ் என்றதும் தீபிகா, "வேணாம்மா" என்றாள். அன்று அவள் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அடுத்த நாள் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே பயாலஜியில் இடம் இருந்தது. ஆனால் தமிழ் வழி. அதுவரை ஆங்கிலத்தில் படித்த பெண் இயற்பியலையும் விலங்கியலையும் தமிழில் முதலிலிருந்து பிடிக்க வேண்டும். அந்த வராந்தாவில் எங்கள் சார், எங்கள் ஜன்னலுக்கு வெளியே பெற்றோர் நிற்பார்களே, அதே மாதிரி வரிசையில் நின்றார். நான் முன்னால் போய்ச் சொல்லட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்தத் தலைமையாசிரியை மதிப்பெண்ணைப் பார்த்தார், டிசியைப் பார்த்தார். எதற்கு வாங்கினீர்கள், எங்கே போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தமிழ்ல படிச்சுக்குவியா? முதல் ரெண்டு மாசம் கஷ்டமா இருக்கும். சாயங்காலம் அரை மணி நேரம் இரு, நான் சொல்லித் தரேன். போய் உட்காரு" என்றார். பிறகு செல்வியிடம் திரும்பி, "நடுவுல வேற எங்கயாவது கூப்பிட்டா ஓடிடாதீங்கம்மா. நல்லாப் படிக்கிற பிள்ளைங்களை எல்லாம் இப்படித்தான் கொத்திக்கிட்டுப் போயிடறாங்க" என்றார்.

"போவ மாட்டோம் மேடம்" என்றாள் செல்வி. அங்கே கடிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

ஜூலையில் ஒருநாள் அந்த முகப்பேர்க்காரர் மறுபடி வந்தார். டிசி வேண்டும், மகளை நீட் கோச்சிங்கோடு சேர்ந்த இன்னொரு பள்ளியில் சேர்க்கிறார்களாம். "அப்ப அன்னிக்கு ஏன் சார் ஓடி வந்து கட்டினீங்க?" என்று கேட்டேன். "எதுக்கும் ஒண்ணு கையில இருக்கட்டும்னுதான் மேடம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" என்றார். திட்டலாம் என்று முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரும் மாதக் கணக்கில் தூங்காத மனிதராகத்தான் இருந்தார். அவர் மகள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை, டிசியைப் போட்டுக் கொடுத்தேன்.

இடம் காலி. நிதியும் அப்படியே இருக்கிறது. நான் ஓடிப் போய் சாரிடம் சொன்னேன். "செல்விக்குச் சொல்லுங்க" என்றார். இடம் இருக்கிறது என்பதைப் போனில் சொல்லலாம், அதற்குத் தடையில்லை. போன் போட்டேன். "செல்வி, இடம் வந்துடுச்சு! ரெண்டு வருஷத்துக்கும் ஃபீஸ் கிடையாது. இங்கிலீஷ் மீடியம். நாளைக்கே பொண்ணைக் கூட்டிட்டு வந்துடு" என்று கத்தினேன். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம்தான் கேட்டது. "நாளிக்கு வரேன் மேடம்" என்றாள்.

மறுநாள் தனியாக வந்தாள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, ரயில் பிடித்து, பஸ் மாறி வந்திருந்தாள். உள்ளே போனோம். சார், "உட்காருங்கம்மா" என்று தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"வேணாம் சார்" என்றாள்.

அதுதான் அவள் முதல் வாக்கியம். பிறகுதான் காரணத்தைச் சொன்னாள். "அந்த டீச்சரம்மா ஒரு கேள்வி கேக்காம எங்கள சேத்துக்கினாங்க. தெனமும் சாய்ங்காலம் உக்கார வெச்சி தமிழ்ல சொல்லிக் குடுக்குறாங்க. போவ மாட்டோம்னு அவங்களாண்ட சொல்லிட்டு வந்தேன், நீங்களும் இருந்தீங்க. இப்ப போயி டிசி குடுங்கன்னு நான் எந்த மூஞ்ச வெச்சிகினு கேப்பேன்?"

"பைத்தியமா உனக்கு?" என்று நான் பாய்ந்தேன். "வாய்ப் பேச்சுதானே அது? உன் பொண்ணு படிப்பு இது! அவளைக் கேட்டியா முதல்ல?"

"அவளாண்டதான் மேடம் மொதல்ல கேட்டேன். ஊட்ல படுத்துகினு அழுதா. நல்லா அழுதா. அப்பால அவளேதான் சொன்னா, அந்த மிஸ்ஸு மூஞ்சில என்னால முய்க்க முடியாதும்மான்னு." செல்வியின் குரல் அங்கேதான் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போன்லயே சொல்லிருக்கலாம். சார் எங்களுக்கோசரம் அந்த ஸ்கூல் வராண்டால நின்னாரு. அதான் நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு."

சார் எழுந்து நின்றார். கைகூப்பினார். அவளும் கைகூப்பினாள். எனக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை, ஆனால் எங்கே போவது என்றும் தெரியவில்லை.

வாசல் வரை அவளோடு நடந்தேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட் அருகே நின்று அவள் திரும்பினாள்.

"மேடம், அந்த சீட்டு சும்மாதானே கீது? லிஸ்ட்டுல எங்களுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு இருந்திச்சே, அதக் கூப்டுங்க."

"கூப்பிடறேன்" என்றேன்.

"சீட்டு கைக்கு வர்ற வரிக்கும் டிசி வாங்காதீங்கன்னு மொதல்ல சொல்லிருங்க மேடம். அப்பால மத்ததப் பேசுங்க."

பஸ் வந்தது, ஏறிப் போனாள். நான் திரும்பி வந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, காத்திருப்பில் அடுத்த பெயருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணின் அப்பா எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னேன்.